குறுக்கே ஓடிய ரக்மேன்

நாங்கள் இருப்பது மெல்போர்னில். இங்கே ஃபுட்டி என்கிற ஆஸ்திரேலியக் கால்பந்தில் என் மகனை ரக்கில், அதாவது நடுவில் நின்று பந்துக்குக் குதிக்கிற இடத்தில், நிறுத்தியது திறமையைப் பார்த்து இல்லை, உயரத்தைப் பார்த்து. பத்து வயதுக்குட்பட்டோர் அணியில் மற்ற பிள்ளைகளைவிட அவன் ஒரு சாண் உயரம். கோச் கூப்பிட்டார். "நடுவில் நில். அம்பயர் பந்தை மேலே போட்டதும் குதி. நம்ம பசங்க பக்கம் தட்டி விடு." பயிற்சி அவ்வளவுதான்.

2019, ஜூன் மாதத்து ஞாயிறு, காலை எட்டரை மணி. புல்லில் பனி உறைந்துகிடந்தது. மிதித்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். ஆரஞ்சுப் பழங்களை நாலாக வெட்டி ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்றிருந்தேன். பழம் கொண்டுபோவது அந்த வாரம் எங்கள் வீட்டு முறை. அம்பயர் பந்தைப் போட்டார். இவன் குதித்தான், எதிரணிப் பையனும் குதித்தான். அந்தப் பையனின் முழங்கால் இவன் வயிற்றில் இறங்கியது. ஆனாலும் இவன் விரல் நுனி பந்தில் பட்டுவிட்டது. சிதறிய பந்தை எங்கள் அணிக் குட்டைப் பையன் ஒருவன் பொறுக்கிக்கொண்டு ஓடினான், உதைத்தான், கோல். எல்லோரும் போய் அவனைக் கட்டிக்கொண்டார்கள். என் மகன் நடுவட்டத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான்.

இடைவேளையில் வந்து கேட்டான். "அப்பா, குதிக்கிறது நான், கோல் அவனுக்கா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பக்கத்தில் எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர் நின்றிருந்தார். அவர் பேரனும் இதே அணி. என்ன கேட்கிறான் என்றார். ஆங்கிலத்தில் சொன்னேன். சிரித்துவிட்டு என் மகனிடம், "அதுதான் ரக்மேன் வேலை. ஜிம் ஸ்டைன்ஸ் என்று ஒருத்தர் இருந்தார், தெரியுமா?" என்று ஆரம்பித்தார். அன்றைக்கு ஆரம்பித்த பேச்சை அவர் இன்னும் முடிக்கவில்லை. கீழே நான் எழுதுவதில் கொஞ்சம் அவரிடம் கேட்டது. மீதி, அவர் போட்ட நச்சரிப்பில் நானே படித்ததும் பழைய ஆட்டங்களின் வீடியோக்களில் பார்த்ததும்.

ஃபுட்டி பார்க்காதவர்களுக்காக ஒரு பத்தி. ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்து என்பது நமக்குத் தெரிந்த கால்பந்து இல்லை. பந்தும் முட்டை வடிவம், மைதானமும் முட்டை வடிவம். கோடையில் கிரிக்கெட் ஆடும் அதே புல்லில்தான் குளிர்காலத்தில் இதை ஆடுகிறார்கள். பக்கத்துக்கு 18 பேர். ஒவ்வொரு முனையிலும் நாலு கம்பங்கள். நடுக் கம்பங்கள் இரண்டுக்கும் இடையில் உதைத்தால் கோல், 6 புள்ளி. ஓரக் கம்பத்துக்கும் நடுக் கம்பத்துக்கும் இடையில் போனால் பிஹைண்ட், 1 புள்ளி. பந்தை எறியக் கூடாது. உதைக்கலாம், அல்லது ஒரு கையில் வைத்து மறு கை முஷ்டியால் குத்தி அனுப்பலாம். உதைத்து வந்த பந்தை ஒருவர் அந்தரத்தில் சுத்தமாகப் பிடித்துவிட்டாலோ, அவருக்கு ஃப்ரீ கிக் கிடைத்தாலோ, நிதானமாகப் பின்னால் போய் உதைத்துக்கொள்ளலாம். எதிராளி ஒருவர் குறிப்பிட்ட இடத்தில் நின்று கையைத் தூக்கலாம், அவ்வளவுதான். அந்த இடத்துக்கு மார்க் என்று பெயர். உதைப்பவருக்கும் மார்க்குக்கும் நடுவே எதிரணிக்காரர் யாரும் குறுக்கே ஓடக் கூடாது. இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மனிதரின் வாழ்க்கையே இந்த விதியில்தான் மாட்டியது.

ரக்மேன் யார்? ஒவ்வொரு கால்பகுதி தொடங்கும்போதும், ஒவ்வொரு கோலுக்குப் பிறகும், பந்து நடுவட்டத்துக்கு வரும். ஸ்டைன்ஸ் ஆடிய காலத்தில் அம்பயர் அதைத் தரையில் ஓங்கி அடிப்பார். பந்து பனைமர உயரத்துக்கு எழும்பும் என்று சொன்னால் மிகை, ஆனால் நல்ல உயரம். இரண்டு அணியிலும் ஆக உயரமான ஆள் இரண்டு பக்கத்திலிருந்தும் ஓடி வந்து தாவுவார்கள். வாலிபாலில் நெட்டுக்கு மேல் இரண்டு பேர் ஒரே பந்துக்கு எழும்புவதை நினைத்துக்கொள்ளுங்கள். இப்போது நெட்டை எடுத்துவிடுங்கள். நூறு கிலோ ஆட்கள் இரண்டு பேர் காற்றில் மோதிக்கொள்வார்கள். எதிராளியை அணைபோட்டு எழும்ப முழங்காலை முன்னால் தூக்குவார்கள். அது போய் எங்கே படும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. பந்தைப் பிடிப்பது இதில் பெரும்பாலும் நோக்கம் இல்லை. கீழே காத்திருக்கும் தன் அணிக்காரரின் கைக்குப் போகிற மாதிரி தட்டிவிட வேண்டும். இதற்கு ஹிட்-அவுட் என்று பெயர், தனியாக எண்ணுவார்கள். ரக்மேன்களின் முழங்காலுக்குள் பின்பக்கத் தசைநார் அறுந்து அறுந்து போகவே, 2005இல்தான் ஓட்டத்தைக் குறைக்க நடுவில் 10 மீட்டர் வட்டம் போட்டார்கள். ஸ்டைன்ஸுக்கு அந்தச் சலுகை இல்லை.

எங்கள் பெரியவர் சொல்வார்: "ரக்மேன்கள் அந்தக் காலத்தில் மரம் மாதிரி. நடுவில் நட்டு வைப்பார்கள். தட்டிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, அடுத்த பந்து வருகிற இடத்துக்கு மெதுவாக நடந்து போவார்கள்." இது முழு உண்மை இல்லை. அதற்கு முன்பே ஓடுகிற ரக்மேன்கள் இருந்திருக்கிறார்கள். ஆனால் ஸ்டைன்ஸ் ஆடும் வீடியோவைப் பார்த்தால் அவர் என்ன சொல்கிறார் என்று புரிகிறது. 199 சென்டிமீட்டர், அதாவது ஆறரை அடி ஆள். நடுவில் தட்டிவிட்டு அங்கேயே நிற்பதில்லை. தட்டிய பந்தின் பின்னாலேயே ஓடுகிறார், அங்கே வாங்குகிறார், குத்தி அனுப்புகிறார், மறுபடி ஓடுகிறார். எதிரணி ரக்மேன் எங்கேயோ பின்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

அந்த ஓட்டம் அயர்லாந்திலிருந்து வந்தது. ஸ்டைன்ஸ் 1966 ஏப்ரலில் டப்ளினில் பிறந்தவர். அங்கே அவர் ஆடியது கேலிக் ஃபுட்பால். உருண்டைப் பந்து, பக்கத்துக்கு 15 பேர். 1984இல் டப்ளின் மைனர் (18 வயதுக்குட்பட்டோர்) அணி அகில அயர்லாந்துக் கோப்பையை வென்றபோது அதில் இருந்தார். அதே சமயம் உலகத்தின் மறுகோடியில் மெல்போர்ன் அணியின் கோச் ரான் பராசிக்கு ஒரு யோசனை. கேலிக் ஆட்டத்தில் உயரமான, வேகமான, கையால் பந்தைப் பிடிக்கத் தெரிந்த பையன்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு முட்டைப் பந்தைப் பழக்கினால் என்ன? படிப்புக்கு உதவித்தொகை, இரண்டு வருஷம் முயன்று பார் என்கிற மாதிரி ஏற்பாடு. 1984 கடைசியில் 18 வயதில் ஸ்டைன்ஸ் விமானம் ஏறினார்.

எனக்கு இந்த இடம் பிடிக்கும். ஆட்டமே தெரியாத ஊருக்கு ஆடிப் பிழைக்கப் போகிற துணிச்சல். கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த எங்களுக்குக்கூட விமானம் ஏறும்போது கம்ப்யூட்டர் தெரியும். இவருக்கு ஆடப் போகிற ஆட்டமே புதுசு. 19 வயதுக்குட்பட்டோர் அணியில் போட்டார்கள். அப்புறம் இரண்டாம் நிலைப் போட்டியில் ப்ரரான் என்ற அணிக்கு இரவல் கொடுத்தார்கள். 1987இல்தான் மெல்போர்ன் முதல் அணியில் இடம் கிடைத்தது.

மெல்போர்ன் அணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த ஊரில் பெயருக்கு அடுத்த கேள்வி, நீ எந்த அணி என்பதுதான். ஃபுட்டியின் தலையாய லீகான ஏ.எஃப்.எல்.லின் 18 அணிகளில் ஒன்பது இந்த ஒரே நகரத்தைச் சேர்ந்தவை. அவற்றில் மிகப் பழையதும், ஊர்ப் பெயரையே சுமப்பதும் மெல்போர்ன். பழம்பெருமைக்குக் குறைவில்லை; 1964இல் கோப்பை வாங்கினார்கள். அதோடு நின்றது. அதன் பிறகு 1987 வரை இறுதிச் சுற்று ஆட்டங்களுக்குக்கூடப் போகவில்லை. ராபி ஃப்ளவர் என்று ஒரு கேப்டன். 1973 முதல் ஆடியவர், காற்று மாதிரி நழுவுகிறவர், எதிரணி ரசிகர்களுக்கும் செல்லம். பதினைந்தாவது சீசனில்தான், அதுவும் அவருடைய கடைசி சீசனில்தான், முதல் முறையாக இறுதிச் சுற்றுகளில் கால் வைக்கிறார். ஊரே அந்த அணிக்காகக் கசிந்துகொண்டிருந்தது. முதல் ஆட்டத்தில் வடக்கு மெல்போர்னை 118 புள்ளி வித்தியாசத்தில் துவைத்தார்கள். அடுத்து சிட்னி. அதையும் தாண்டி பிரிலிமினரி ஃபைனல், நம் கணக்கில் அரையிறுதி. எதிரே ஹாதார்ன். இடம் வேவர்லி பார்க்.

இங்கே ஒரு நிமிடம். நான் குடியிருப்பது அந்த வேவர்லி பார்க்கில்தான்.

மெல்போர்னின் தென்கிழக்கே மல்கிரேவ் என்ற புறநகரில் 1970இல் லீக் தனக்கென்று கட்டிய மைதானம் அது. எழுபதாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். ஊருக்கு ஒதுக்குப்புறம், ரயில் கிடையாது, குளிர்காலத்தில் அடிக்கிற காற்றில் ஆர்க்டிக் பார்க் என்று பட்டப்பெயர். 1999இல் கடைசி லீக் ஆட்டம். பிறகு இடித்து மனை போட்டு வீடு கட்டிவிட்டார்கள். ஆடுகளத்தையும் ஒரு ஸ்டாண்டின் ஒரு பகுதியையும் மட்டும் பாரம்பரியச் சின்னம் என்று விட்டுவைத்தார்கள். வீடு பார்க்க வந்தபோது புரோக்கர், "பக்கத்திலேயே ஓவல் இருக்கிறது" என்றார். பிள்ளைகள் விளையாட நல்லது என்று நினைத்து வாங்கினேன். விவரம் எதிர்வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். சாயங்காலம் நடக்கப் போகும்போது நான் சுற்றி வருவது 1987 செப்டம்பரில் ஸ்டைன்ஸ் ஓடிய அதே புல்வெளியை.

அந்த வீடியோவை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. ஆட்டம் முடியப் போகிறது. மெல்போர்ன் 78, ஹாதார்ன் 74. நாலு புள்ளி முன்னிலை. ஹாதார்னின் கேரி பக்கனாராவுக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைக்கிறது. கோல் சுமார் 55 மீட்டரில். ஆட்டம் முடிந்ததற்கான சைரன் ஊதிவிட்டாலும் அவர் உதைத்துக்கொள்ளலாம், ஆனால் அந்தத் தூரம் அவ்வளவு சுலபம் இல்லை. அப்போதுதான் மெல்போர்ன் சட்டையில் ஒரு நெட்டை உருவம், தன் ஆளைத் துரத்திக்கொண்டு, பக்கனாராவுக்கும் மார்க்கில் நிற்பவருக்கும் நடுவே குறுக்கே ஓடுகிறது. ஒரு வினாடிகூட இருக்காது. அம்பயர் கையைக் காட்டுகிறார். 15 மீட்டர் தண்டனை. பக்கனாரா நாற்பது மீட்டருக்கு வந்துவிட்டார். சைரனுக்குப் பிறகு உதைத்தார். நடுவே போனது. 80க்கு 78.

உடைமாற்றும் அறையில் கோச் ஜான் நார்தி ஸ்டைன்ஸின் முகத்துக்கு நேரே கத்துவது டிவியில் அப்படியே வந்தது. அந்த 21 வயதுப் பையன் தலை குனிந்து நிற்கிறான். ராபி ஃப்ளவரின் 272 ஆட்டங்களும் அத்தோடு முடிந்தன. கோப்பையைத் தீர்மானிக்கிற கிராண்ட் ஃபைனல் ஒன்றுகூட ஆடாமல்.

பெரியவர் அன்று மைதானத்தில் இருந்தார். "உன் வீட்டு கேட் இருக்கிறதே, ஏறக்குறைய அங்கேதான் என் கார் நின்றது" என்றார் ஒருநாள். வேவர்லியிலிருந்து கார் எடுத்து வெளியே வருவது எப்போதுமே பெரும்பாடு. அன்று ஒன்றரை மணி நேரம் நகரவில்லையாம். "ஆயிரக்கணக்கான கார். ஒருத்தன் ஹாரன் அடிக்கவில்லை."

ஹாலில் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போது சில நேரம் எனக்கு அது ஞாபகம் வரும்.

இந்தக் கதையை இங்கே எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள்: பையன் தப்பு செய்தான், அப்புறம் பதக்கம் வாங்கித் தப்பைக் கழுவினான் என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. அன்றைய ஸ்கோர் கார்டைப் பாருங்கள். மெல்போர்ன் அடித்தது 10 கோல், 18 பிஹைண்ட். ஹாதார்ன் 11 கோல், 14 பிஹைண்ட். கம்பத்தை நோக்கி அதிகமுறை உதைத்தது மெல்போர்ன்தான். பதினெட்டு தடவை ஓரத்தில் விட்டார்கள். அதில் ஒன்றே ஒன்று உள்ளே போயிருந்தால், அந்தக் கடைசி உதை ஒரு வேடிக்கையாகப் போயிருக்கும். அந்தப் பதினெட்டு உதைகளைத் தவறவிட்டவர்களின் பெயரை யாரும் சொல்வதில்லை. கடைசியில் பிடிபட்டவன் தலையில் கட்டிவிடுவது எந்த ஊருக்கும் பொது. சமையலில் எல்லோரும் உப்பைக் குறைத்துப் போட்டிருப்பார்கள், பரிமாறினவன் திட்டு வாங்குவான். ஹாதார்னும் அடுத்த வாரம் கிராண்ட் ஃபைனலில் கார்ல்டனிடம் தோற்றது. அதையும் யாரும் பேசுவதில்லை. இன்னொரு செய்தி: அடுத்த ஆண்டே லீக் 15 மீட்டர் தண்டனையை 50 மீட்டராக்கியது. அந்த விதி ஒரு வருஷம் முன்பே வந்திருந்தால் பக்கனாரா கோல் வாசலிலேயே நின்று உதைத்திருப்பார்.

1988இல் மெல்போர்ன் கிராண்ட் ஃபைனலுக்கே போனது. மறுபடி ஹாதார்ன். 96 புள்ளியில் தோல்வி. அதுவரை எந்த கிராண்ட் ஃபைனலிலும் இல்லாத வித்தியாசம். இதை வேகமாகக் கடந்துவிடலாம். பெரியவரும் கடந்துவிடுவார்.

1991க்கு வருவோம். லீகில் தனிநபருக்குக் கிடைக்கும் ஆகப்பெரிய மரியாதை பிரௌன்லோ பதக்கம். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஆடிக் கிழித்த மூவருக்கு 3, 2, 1 என்று வாக்குப் போடுவது பத்திரிகைக்காரர்கள் இல்லை, களத்தில் நின்ற அம்பயர்கள். அந்த ஆண்டு ஸ்டைன்ஸுக்கு 25 வாக்கு. ஏழு வருஷத்துக்கு முன் இந்த ஆட்டத்தையே ஆடியறியாத ஆள். வேறொரு நாட்டில், வேறொரு ஆட்டத்தில் வளர்ந்து வந்து அதை வாங்கியவர் அவர் ஒருவர்தான். அடுத்த ஆண்டும் ஒரு ரக்மேனுக்கே போனது, ஸ்காட் வின்டுக்கு. அதன் பிறகு பெரும்பாலும் பந்தைக் கையில் வைத்து ஓடுகிற மிட்ஃபீல்ட் ஆட்களின் ராஜ்ஜியம்தான். என் மகனின் கேள்வி அம்பயர்களுக்கும் இருக்கிறது போல: குதிக்கிறவனைப் பார்ப்பதா, எடுத்து ஓடுகிறவனைப் பார்ப்பதா?

பதக்கத்தைவிட என்னை யோசிக்க வைப்பது வேறொரு எண். 244. அத்தனை ஆட்டங்களைத் தொடர்ச்சியாக, ஒன்றுகூடத் தவறாமல் ஆடியிருக்கிறார். மொத்தம் ஆடியதே 264. அதற்கு முந்தைய சாதனை ரிச்மண்டின் ஜாக் டைட்டஸ் வைத்திருந்த 202; அவர் கோல் பக்கம் நிற்கிற ஃபார்வர்டு. காற்றில் மோதி விழுவதையே தொழிலாகக் கொண்ட ஒரு ரக்மேன் இதைத் தாண்டியதுதான் நம்ப முடியாதது. 2025இல் காலிங்வுட் அணியின் ஜாக் கிறிஸ்ப் தாண்டும்வரை யாரும் முறியடிக்கவில்லை. 1987 சீசனின் பிற்பகுதியில் தொடங்கி 1998 வரை ஓடிய வரிசை அது. கணக்குப் பார்த்தால் ஒன்று தெரியும்: வேவர்லியில் குறுக்கே ஓடிய அந்த ஆட்டமும் அந்த 244க்குள்தான் இருக்கிறது, வரிசையின் ஆரம்பத்திலேயே. அதற்கு அடுத்த ஆட்டத்துக்கும் அவர் பெயர் பட்டியலில் இருந்தது. நார்தி கத்தினார், ஆனால் தூக்கவில்லை.

ஒருமுறை விலாவில் பலமான காயம். வாரக்கணக்கில் ஓய்வு வேண்டும் என்ற நிலை. அடுத்த ஆட்டத்துக்குத் தகுதியா என்று பார்க்க, சக வீரர்களை விட்டு அவர் மேல் மோதச் சொல்லிச் சோதித்தார்களாம். மோதினார்கள். நின்றார். ஆடினார். பெரியவர் இதைச் சொல்லும்போது கண் மின்னும். எனக்கு அடிவயிற்றைக் கலக்கும். உடைந்த விலாவோடு ஆடுவதைப் பெருமையாகச் சொல்லும் உலகத்தில் என் பையனை விடலாமா என்று அன்று இரவு என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் அந்த 244ஐப் பார்த்துவிட்டு வெறும் முட்டாள்தனம் என்று தள்ளவும் என்னால் முடியவில்லை. இரண்டுமே இருக்கிறது அதில். கடைசியில் 1998இல் கை உடைந்து வரிசை அறுந்தது. அந்த சீசனோடு ஓய்வு. மெல்போர்ன் அணியின் ஆண்டுச் சிறந்த வீரர் விருதை நாலு முறை வாங்கியிருந்தார், அதில் மூன்று 1995, 96, 97 என்று வரிசையாக, முப்பதைத் தொட்ட வயதில். கோப்பை மட்டும் இல்லை.

ஆடிக்கொண்டிருக்கும்போதே 1994இல் பால் கரி என்ற திரைப்பட இயக்குநரோடு சேர்ந்து ரீச் என்ற அமைப்பைத் தொடங்கியிருந்தார். பதின்வயதுப் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, வீட்டிலும் பள்ளியிலும் பேச முடியாததைப் பேச வைக்கும் பட்டறைகள். நம்மூர் ஆள் ஒருவர் அலுவலகத்தில் சொன்னார், அவருடைய மகள் ஒரு நாள் போய்விட்டு வந்து சாப்பாட்டு மேஜையில் அரை மணி நேரம் பேசினாளாம், அதற்கு முன் ஒரு வருஷமாக "ம்" மட்டும்தான். ஓய்வுக்குப் பிறகு ஸ்டைன்ஸின் முழுநேர வேலை அதுதான். 2001, 2003 என்று இரண்டு முறை விக்டோரியா மாநிலத்தின் ஆண்டுச் சிறந்த மனிதர் என்ற விருது கிடைத்தது.

2008இல் மெல்போர்ன் அணியே அவரைத் தேடி வந்தது. வீரராக இல்லை, தலைவராக. அணி கிட்டத்தட்ட 50 லட்சம் டாலர் கடனில் முங்கிக்கொண்டிருந்தது. 1996லேயே ஒருமுறை ஹாதார்னோடு இணைத்துவிடலாம் என்று ஓட்டெடுப்புவரை போய், ஹாதார்ன் உறுப்பினர்கள் மாட்டோம் என்றதால் தப்பித்த அணி. ஸ்டைன்ஸ் ரசிகர்களைக் கூப்பிட்டு விருந்து வைத்து உண்டியல் ஏந்தினார். கடன் தகர்ப்பு என்றே அந்த நிகழ்ச்சிக்குப் பெயர். முதல் இரவிலேயே 13 லட்சம் டாலர். 2010 ஆகஸ்டில் கடன் தீர்ந்தது. எங்கள் பெரியவர் எவ்வளவு கொடுத்தார் என்று கேட்டேன். "மனைவிக்குத் தெரியாது, உனக்கு மட்டும் எப்படிச் சொல்வேன்?" என்றார்.

இதற்கு நடுவில்தான், 2009 ஜூலையில், அவர் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டுத் தனக்குப் புற்றுநோய் என்றார். மெலனோமா, தோலில் தொடங்கிப் பரவுவது. ஆஸ்திரேலியாவில் இது அதிகம். இங்கே பள்ளிகளில் தொப்பி இல்லாமல் வந்த பிள்ளையை மைதானத்தில் விடமாட்டார்கள். பரவி மூளைக்கும் போனது. அறுவை, கதிர்வீச்சு, மறுபடி அறுவை. நடுநடுவே கூட்டங்களுக்கு வந்தார், ஆட்டங்களுக்கு வந்தார்.

அந்த நாலு வருஷத்தைப் பொன்னெழுத்தில் மட்டும் எழுதிவிட முடியாது. கடன் தீர்ந்தது, களத்தில் அணி தரையைத் தொட்டது. 2011 ஜூலையில் ஜீலாங் மைதானத்தில் 186 புள்ளியில் தோற்றார்கள். எழுத்துப்பிழை இல்லை, நூற்று எண்பத்தாறு. அடுத்த நாள் கோச்சின் வேலை போனது. 2009 சீசனில், கடைசியில் முடிக்கும் அணிக்குக் கிடைக்கிற, நல்ல இளம் வீரர்களை முதலில் எடுக்கும் வாய்ப்புக்காக மெத்தனமாக ஆடினார்களா என்று பிறகு லீக் விசாரித்தது. வேண்டுமென்றே தோற்றதாக முடிவு சொல்லவில்லை. ஆனால் 2013இல் அணிக்கு 5 லட்சம் டாலர் அபராதம் போட்டார்கள். ஸ்டைன்ஸ் அப்போது உயிரோடு இல்லை. 2012 பிப்ரவரியில் பதவியை விட்டார். மார்ச் 20ஆம் தேதி, 45 வயதில், போய்விட்டார். செயின்ட் பால்ஸ் தேவாலயத்தில் அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு. நகரத்துக்குள் யாரா நதி மேல் நடந்தும் சைக்கிளிலும் போகிறவர்களுக்கான ஒரு பாலத்துக்கு அவர் பெயர். நான் வேலைக்குப் போகும் வழியில் பலமுறை கடந்திருக்கிறேன். பெயர்ப் பலகையைக் கவனித்தது 2019க்கு அப்புறம்தான்.

அயர்லாந்திலிருந்து பையன்கள் வருவது இப்போது சகஜமாகிவிட்டது. டாய்க் கென்னலி 2005இல் சிட்னியோடு கோப்பையே வாங்கிவிட்டார். ஸாக் டூஹி 2023இல் ஸ்டைன்ஸின் 264ஐத் தாண்டினார். 244 மட்டும் 2025 வரை அப்படியே இருந்தது.

மெல்போர்ன் அணியில் ஸ்டைன்ஸ் ஆண்ட 11ஆம் நம்பர் சட்டையை இன்று போட்டிருப்பவர் மேக்ஸ் கான். அவரும் ரக்மேன், ஸ்டைன்ஸ் தலைவராக இருந்த 2009இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர், 2 மீட்டரைத் தாண்டிய தாடிக்காரர். 2021 சீசனின் கடைசி லீக் ஆட்டம், அதே ஜீலாங் மைதானம், அந்த 186 நடந்த இடம். 44 புள்ளி பின்தங்கியிருந்து எழுந்து வந்தார்கள். கடைசி வினாடிகளில் கான் பந்தைப் பிடித்தார். சைரன் ஊதியது. உதைத்தார், கோல். 1964க்குப் பிறகு முதல் முறையாக அணி பட்டியலில் முதலிடம். பெரியவர் வீட்டிலிருந்து வந்த சத்தத்தில் எங்கள் வீட்டு நாய் குரைத்தது. நான் போன் பண்ணினேன். "சைரனுக்குப் பிறகு உதைப்பது இப்படியும் முடியலாமா?" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

கிராண்ட் ஃபைனல் அந்த வருஷம் பெர்த்தில். மெல்போர்ன் முழுக்க ஊரடங்கு. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் தெருவில் கால் வைக்கக் கூடாது. 57 வருஷம் காத்திருந்தவர்கள் தங்கள் அணி கோப்பையைத் தூக்குவதை மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி டிவியில் பார்த்தார்கள். 74 புள்ளி வித்தியாசம். கான் கோப்பையைத் தூக்கும்போது மணி பத்தை நெருங்கியிருக்கும். எங்கள் தெருவில் ஒரு கதவு திறந்தது. பெரியவர், சிவப்பும் நீலமுமாகப் பழைய மப்ளர், அவர் கேட்டுக்கு உள்ளே நின்றார். நானும் மகனும் எங்கள் கேட்டுக்கு உள்ளே வந்து நின்றோம். நடுவில் வெறும் தெரு. ஓவல் பக்கம் ஒரே இருட்டு.

கை தட்டினோம். அவர் மப்ளரால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு குரலை உயர்த்தி என் மகனிடம் கேட்டார்: "நீ இன்னும் ரக்கில்தானே?"

"இல்லை" என்றான் இவன். "இப்போ மத்தவங்க எல்லாரும் என்னைவிட உயரமாயிட்டாங்க. விங்ல போட்டுட்டாங்க."

பெரியவர் கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை.

"சரி, அப்போ ஓடு" என்றார். விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போனார்.